பார்ப்பது வேறு, விரட்டுவது வேறு: கல்லீரல் வைரஸ்களும் உள்ளார்ந்த நோயெதிர்ப்பு ஏற்பிகளும்

கேள்வியின் சாரம் இது: ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் ஆண்டுக்கணக்கில் கல்லீரலில் குடியிருக்கின்றன. வைரஸைக் கண்டுபிடிப்பதற்கென்றே உடலில் இருக்கும் டோல் போன்ற ஏற்பிகளும் ரிக்-ஐயும் அப்போது என்ன செய்துகொண்டிருக்கின்றன? அவற்றை மருந்தால் தூண்டிவிட்டால் நோய் தீருமா?

சி வைரஸை நம் ஏற்பிகள் நன்றாகவே பார்க்கின்றன. இருந்தும் தொற்றியவர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேரிடம் அது தங்கிவிடுகிறது. பி வைரஸை அவை கிட்டத்தட்டப் பார்ப்பதே இல்லை. இருந்தும் வளர்ந்தபின் தொற்று வாங்கியவர்களில் 95 சதவீதத்தினர் அதை அடக்கிவிடுகிறார்கள். அதே பி வைரஸ் பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றினால் 90 சதவீதம் வரை நாள்பட்டதாகிறது. கண்ணில் பட்டால் ஒழியும், படாவிட்டால் தங்கும் என்ற கணக்கு இங்கே செல்லுபடியாகாது. இந்த முரணைப் புரிந்துகொண்டால் மருந்து பற்றிய இரண்டாம் கேள்விக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

முதலில் எந்த ஏற்பி எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். டோல் போன்ற ஏற்பிகளில் (சுருக்கமாக டிஎல்ஆர்) வைரஸின் நியூக்ளிக் அமிலத்தைப் பிடிப்பவை 3, 7, 8, 9 ஆகிய நான்கு. இவை எண்டோசோம் என்ற பைகளுக்குள் இருப்பதால், செல் வெளியிலிருந்து விழுங்கியதைத்தான் சோதிக்க முடியும். 3 இரட்டை இழை ஆர்என்ஏவையும், 7-உம் 8-உம் ஒற்றை இழை ஆர்என்ஏவையும், 9 மெத்தில் ஒட்டாத சிபிஜி வரிசை கொண்ட டிஎன்ஏவையும் பிடிக்கும். சைட்டோபிளாசத்தில் ஆர்என்ஏவுக்குக் காவல் ரிக்-ஐயும் எம்டிஏ5-உம். டிஎன்ஏவுக்குக் காவல் சி-காஸ், அதன் அடுத்த கண்ணி ஸ்டிங். ஆனால் எல்லாச் செல்லிலும் எல்லாம் இருப்பதில்லை, கல்லீரலில் இது மிக முக்கியம். மனிதக் கல்லீரல் செல்லில் டிஎல்ஆர்3, ரிக்-ஐ, எம்டிஏ5 உண்டு. ஸ்டிங் மிகக் குறைவு. டிஎல்ஆர்7-உம் 9-உம் பெயரளவுக்குத்தான். அவ்விரண்டும் முக்கியமாக இருப்பது பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரிடிக் செல்கள் என்ற நோயெதிர்ப்புக் காவல் செல்களில். டிஎல்ஆர்8 மோனோசைட்டு என்ற வெள்ளணுக்களிலும், கல்லீரலிலேயே தங்கியிருக்கும் விழுங்கு செல்களான குப்ஃபர் செல்களிலும் இருக்கிறது.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. பாக்டீரியாவின் துணுக்குகள் அதில் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் அலாரம் அடித்தால் கல்லீரல் ஒரு வாரம் தாங்காது. அதனால் சகித்துக்கொண்டு போவதுதான் இந்த உறுப்பின் சுபாவம். வைரஸ்கள் குடியேறத் தேர்ந்தெடுத்த வீடு அப்படிப்பட்டது.

இனி சி வைரஸ். சுமார் 9,600 நியூக்ளியோடைடு நீளமுள்ள ஒற்றை இழை ஆர்என்ஏ. அதன் ஒரு முனையில் தொப்பி (நம் எம்ஆர்என்ஏக்களின் முனையை மூடும் வேதிக்குழு) இல்லாத மூன்று பாஸ்பேட். மறுமுனைப் பகுதியில் யூ எழுத்துகள் வரிசையாக நிற்கும் ஒரு துண்டு. இரண்டும் சேர்ந்து ரிக்-ஐக்குக் கச்சிதமான இரை. இரையைப் பிடித்த ரிக்-ஐ, மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் நட்டிருக்கும் மாவ்ஸ் புரதத்தைத் தட்டி எழுப்புகிறது. மாவ்ஸ் சங்கிலியாகத் திரண்டு டிபிகே1 நொதியை வரவழைக்கிறது. அது ஐஆர்எஃப்3-க்குப் பாஸ்பேட் ஏற்றுகிறது. ஐஆர்எஃப்3 உட்கருவுக்குள் போய், வைரஸ் வந்ததை அக்கம்பக்கச் செல்களுக்கு அறிவிக்கும் புரதங்களான இன்டர்ஃபெரான் பீட்டாவையும் லாம்டாவையும் எழுதவைக்கிறது. பழைய கட்டுரைகளைப் புரட்டுவோர் கவனிக்க: 2005-ல் நான்கு குழுக்கள் தனித்தனியாக இதே புரதத்தைக் கண்டுபிடித்து நான்கு பெயர் வைத்தன. மாவ்ஸ், ஐபிஎஸ்-1, விசா, கார்டிஃப் நான்கும் ஒன்றே.

சி வைரஸ் இந்தத் தொடரை நடுவில் அறுக்கிறது. தன் நீண்ட புரதத்தைத் துண்டு போடுவதற்காக அது வைத்திருக்கும் என்எஸ்3/4ஏ நொதி, மாவ்ஸையும் 508-ஆம் இடத்திலுள்ள சிஸ்டீனில் வெட்டிவிடுகிறது. 540 அமினோ அமிலம் கொண்ட புரதத்தில் வால்பகுதி சிறியதுதான். ஆனால் சவ்வில் நட்டுவைக்கும் ஆணி அந்த வாலில் இருக்கிறது. ஆணி போனதும் மாவ்ஸ் கழன்று மிதக்கிறது, சமிக்ஞை அங்கேயே நிற்கிறது. டிஎல்ஆர்3-க்கு அடுத்த கண்ணியான ட்ரிஃப் புரதத்தையும் இதே நொதி வெட்டுகிறது. ரிக்-ஐயின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்கு நல்ல சான்று ஹூ7.5 என்ற செல் வரிசை. சி வைரஸ் அதில் தாராளமாக வளர்வதற்கு ஒரு காரணம், அதன் ரிக்-ஐயில் 55-ஆம் இடத்தில் திரியோனின் ஐசோலூசினாக மாறி ஏற்பி செயலிழந்திருப்பது.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இங்கே கதையை முடித்துவிடுகின்றன: மாவ்ஸ் வெட்டப்பட்டது, எச்சரிக்கை இல்லை, நோய் நாள்பட்டது. நோயாளியின் கல்லீரல் பயாப்ஸி இதை மறுக்கிறது. நாள்பட்ட சி தொற்று உள்ளவர்களில் கணிசமானோரின் கல்லீரலில் இன்டர்ஃபெரானால் தூண்டப்படும் பாதுகாப்பு மரபணுக்கள் (சுருக்கமாக இன்டர்ஃபெரான் மரபணுக்கள்) நூற்றுக்கணக்கில் விழித்துத்தான் இருக்கின்றன. தொற்றிய செல் வாயடைக்கப்பட்டாலும் அக்கம்பக்கம் சும்மா இருப்பதில்லை. அந்தச் செல்லிலிருந்து எக்ஸோசோம் குமிழிகளில் கசியும் வைரஸ் ஆர்என்ஏவைப் பிளாஸ்மசைட்டாய்டு செல்கள் டிஎல்ஆர்7 வழியாக உணர்ந்து இன்டர்ஃபெரான் ஆல்ஃபாவைச் சுரக்கின்றன. குப்ஃபர் செல்கள் வைரஸை விழுங்கி, என்எல்ஆர்பி3 இன்ஃப்ளமசோம் என்ற அழற்சிப் புரதக் கூட்டின் வழியாக இன்டர்லூக்கின்-1 பீட்டாவை வெளியிடுகின்றன. அது வைரஸைக் கொல்வதில்லை, அழற்சியை வளர்க்கிறது. நார்த்திசு படிவதில் இந்தக் கிளைக்கும் பங்கு இருக்கிறது.

இன்டர்ஃபெரான் இருந்தும் வைரஸ் எப்படிப் பிழைக்கிறது? இரண்டு வழிகள் தெளிவாகத் தெரிந்தவை. தொற்றிய செல்லில் பிகேஆர் என்ற நொதி விழித்துக்கொண்டு, தொப்பி வைத்த எம்ஆர்என்ஏக்களைப் புரதமாக்கும் வேலையை மந்தப்படுத்துகிறது. பாதுகாப்பு மரபணுக்களின் எம்ஆர்என்ஏ நிறைய இருக்கும், புரதம் வராது. சி வைரஸுக்குத் தொப்பியே தேவையில்லை. தன் ஆர்என்ஏவின் மடிப்பு வழியாகவே ரைபோசோமை இழுத்துக்கொள்ளும். இது ஒரு வழி. மற்றது, மாதக்கணக்கில் இன்டர்ஃபெரானில் நனைந்த செல்லில் யுஎஸ்பி18 புரதம் பெருகி, ஆல்ஃபா ஏற்பியின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு ஜாக்1 நொதியை விலக்குகிறது. அதன்பின் வெளியிலிருந்து ஊசியாகப் போட்டாலும் செல்லுக்குக் காது கேட்காது. பெகிலேட்டட் இன்டர்ஃபெரானும் (உடலில் நீண்ட நேரம் தங்குமாறு மாற்றியது) ரிபாவிரின் மாத்திரையும் 48 வாரம் கொடுத்த காலத்தில், சிகிச்சைக்கு முன்பே கல்லீரலில் இந்த மரபணுக்கள் கொதித்துக்கொண்டிருந்தவர்களுக்கே மருந்து மோசமாக வேலை செய்தது. எச்சரிக்கை அதிகம் ஒலித்த வீடுகளில்தான் திருடன் நிம்மதியாக இருந்தான்.

மரபியலும் இதையே காட்டுகிறது. 19-ஆம் குரோமோசோமில் ஐஎல்28பி மரபணு அருகே உள்ள ஓர் எழுத்து மாற்றம் சிகிச்சைப் பலனைத் தீர்மானிக்கிறது என்று 2009-ல் தெரிந்தது. 2013-ல் அதன் பின்னணி வெளிவந்தது. பக்கத்தில் இன்டர்ஃபெரான் லாம்டா-4 என்ற மரபணு இருக்கிறது. ஓர் எழுத்து விடுபட்ட வடிவம் உள்ளவர்களுக்கு மட்டுமே அந்தப் புரதம் உருவாகும். அது உருவாகாதவர்கள்தான் வைரஸைத் தாமாகவே விரட்டுவதிலும் சிகிச்சையிலும் முன்னே நிற்கிறார்கள். ஓர் இன்டர்ஃபெரான் குறைவாக இருப்பவருக்கு நன்மை! முதல்முறை படிக்கிறவர்கள் அச்சுப்பிழை என்றே நினைப்பார்கள்.

ஹெபடைடிஸ் ஏ வைரஸை ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னும் தெளியும். அதுவும் ஆர்என்ஏ வைரஸ். அதன் 3ஏபிசி நொதியும் மாவ்ஸை வெட்டுகிறது, 3சிடி ட்ரிஃபை வெட்டுகிறது. ஏறக்குறைய சி வைரஸின் தந்திரமேதான். சிம்பன்சிகளில் அளந்தபோது ஏ வைரஸ் தூண்டிய இன்டர்ஃபெரான் எதிர்வினை சி வைரஸைவிடக் குறைவாகவே இருந்தது. அப்படியென்றால் ஏ அல்லவா நாள்பட்டதாக வேண்டும்? நாள்பட்ட ஹெபடைடிஸ் ஏ என்ற ஒன்றே இல்லை. தொற்றிய செல்களைத் தாக்கும் வெள்ளணுக்களான டி செல்களும் எதிரணுக்களும் வந்து அதை முடித்துவிடுகின்றன. சி வைரஸோ தன் உறைப்புரதத்தையும் டி செல்கள் அடையாளம் காணும் பகுதிகளையும் மாற்றிக்கொண்டே போகிறது. மாவ்ஸ் வெட்டப்படுவது வைரஸுக்கு நுழைவுச்சீட்டு. நிரந்தரக் குடியுரிமை வேறு இடத்தில் தீர்மானமாகிறது.

2016-ல் வெளியான எலி ஆய்வு ஒன்று இதைவிடச் சுவையானது. ஏ வைரஸ் சாதாரண எலியில் வளராது, ஏனெனில் எலியின் மாவ்ஸை அதன் நொதியால் வெட்ட முடியவில்லை. இன்டர்ஃபெரான் ஏற்பி இல்லாத எலியில் வைரஸ் வளர்ந்தது, கல்லீரலும் புண்ணானது. மாவ்ஸே இல்லாத எலியிலும் வைரஸ் வளர்ந்தது, ஆனால் கல்லீரல் அழற்சி வரவில்லை. அதாவது செல்களைச் சாகடித்தது மாவ்ஸும் ஐஆர்எஃப்3, 7-உம் சேர்ந்த சமிக்ஞையே, டி செல் தாக்குதல் அதற்குத் தேவைப்படவில்லை. ஏற்பியின் தொடரில் காப்பும் கேடும் ஒரே கம்பியில் ஓடுகின்றன. மருந்து தயாரிப்பவர்கள் இதை மறக்கும்போதெல்லாம் அடிவாங்குகிறார்கள்.

பி வைரஸ் முற்றிலும் வேறு ஜாதி. 3,200 எழுத்து அளவிலான வட்ட டிஎன்ஏ, அதில் ஒரு பகுதி மட்டும் இரட்டை இழை. சிம்பன்சிகளுக்குத் தொற்றவைத்து அடிக்கடி பயாப்ஸி எடுத்துப் பார்த்த 2004-ஆம் ஆண்டு ஆய்வில், வைரஸ் பரவி ஏறும் கட்டத்தில் கல்லீரலின் மரபணு வெளிப்பாட்டில் குறிப்பிடத்தக்க அசைவே இல்லை. சி வைரஸில் முதல் வாரங்களிலேயே இன்டர்ஃபெரான் மரபணுக்கள் எழுந்துவிடுகின்றன. ‘பதுங்கு வைரஸ்’ என்ற பெயர் பி-க்கு அப்போது வந்தது.

பதுங்குவதற்கு அது பெரிதாக மெனக்கெடுவதில்லை. அதன் டிஎன்ஏ கேப்சிட் கூட்டுக்குள்ளேயே உட்கருவின் வாசல் வரை போகிறது. உள்ளே நிரந்தர வட்ட டிஎன்ஏவாகி, ஹிஸ்டோனில் சுற்றிக்கொண்டு நம் குரோமோசோம் போலவே உட்கார்ந்துகொள்கிறது. அதிலிருந்து வரும் ஆர்என்ஏவுக்குத் தொப்பியும் பாலி-ஏ வாலும் உண்டு, ரிக்-ஐக்கு அது வீட்டு ஆள் மாதிரி தெரியும். ஆர்என்ஏவைத் திரும்ப டிஎன்ஏவாக எழுதும் வேலையோ மூடிய கூட்டுக்குள் நடக்கிறது. கூடு இல்லாத வைரஸ் டிஎன்ஏவைச் செல்லுக்குள் செலுத்தினால் சி-காஸ் அடையாளம் காண்கிறது. ஆக, ஏற்பிக்குப் பார்க்கத் தெரியும், பார்க்கக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கல்லீரல் செல்லில் ஸ்டிங் சொற்பம் என்பதால் செய்தி போய்ச்சேராது.

இங்கே ஒரு பழைய சண்டை உண்டு. பி வைரஸ் சும்மா மறைந்திருக்கிறதா, அல்லது தீவிரமாக ஏற்பிகளை முடக்குகிறதா? வைரஸின் எக்ஸ் புரதம் மாவ்ஸைத் தடுக்கிறது, பாலிமரேஸ் டிபிகே1-ஐ மறிக்கிறது, இ ஆன்டிஜென் டிஎல்ஆர்2-ஐக் குறைக்கிறது என்றெல்லாம் கட்டுரைகள் ஏராளம். பெரும்பாலானவை ஒரே புரதத்தைப் பிளாஸ்மிட் வைத்து இயற்கையில் இல்லாத அளவுக்குப் பெருக்கிச் செய்தவை. 2018-ல் பி தொற்று உள்ள மனிதக் கல்லீரல் பயாப்ஸித் துண்டுகளில், ரிக்-ஐயை நன்றாகத் தூண்டும் சென்டாய் வைரஸை ஏற்றிப் பார்த்தார்கள். தொற்று இல்லாத கல்லீரல் போலவே இன்டர்ஃபெரான் எதிர்வினை வந்தது. முடக்கியிருந்தால் அப்படி வந்திருக்காது. மறைவுக் கட்சியின் பக்கமே எடை அதிகம். எக்ஸ் புரதத்துக்கு வேறு உண்மையான வேலை இருக்கிறது: வட்ட டிஎன்ஏவை அமுக்கி வைக்கும் எஸ்எம்சி5/6 கூட்டுப்புரதத்தை அழிப்பது. அது 2016-ல் உறுதியானது.

பி-யின் முதுகில் சவாரி செய்யும் ஹெபடைடிஸ் டி வைரஸை மட்டும் எம்டிஏ5 நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் அந்த இன்டர்ஃபெரான், ஏற்கெனவே தொற்றிய, பிரியாத செல்லில் டி வைரஸை ஒன்றும் செய்வதில்லை. செல் இரண்டாகப் பிரியும்போது வைரஸ் மகள்செல்களுக்குப் போவதைத்தான் குறைக்கிறது.

இனி மருந்துகள். பி-க்குப் பெகிலேட்டட் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா-2ஏ வாரம் 180 மைக்ரோகிராம் வீதம் 48 வாரம் கொடுத்தாலும் மேற்பரப்பு ஆன்டிஜெனை (ரத்தத்தில் தெரியும் வைரஸின் உறைப்புரதம்) இழப்பவர்கள் நூற்றுக்குச் சிலரே. ஏற்பியையே தூண்டினால், இன்டர்ஃபெரானோடு மற்ற சைட்டோகைன்களும் (செல்களிடையே செய்தி சொல்லும் புரதங்கள்) வந்து டி செல்களையும் எழுப்பும் என்பது அடுத்த எதிர்பார்ப்பு. டிஎல்ஆர்7-ஐத் தூண்டும் வெசடோலிமோட், சிம்பன்சியிலும் வுட்சக் என்ற வட அமெரிக்கக் கொறிவிலங்கிலும் வைரஸையும் ஆன்டிஜெனையும் இறக்கியது. மனிதரில் வாரம் 1, 2, 4 மில்லிகிராம் கொடுத்தபோது ரத்தத்தில் இன்டர்ஃபெரான் மரபணுக்கள் எழுந்தன, ஆன்டிஜென் இறங்கவில்லை. ஒரு காரணம் வெளிப்படையானது. வுட்சக்குக்குக் கொடுத்தது எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம். மனிதனுக்கு முழு உடலுக்கும் 4 மில்லிகிராம், காய்ச்சலும் உடல்வலியும் தாங்காது என்பதால். இன்னொரு காரணம் அதைவிட ஆழமானது: இருபது, முப்பது ஆண்டு ஆன்டிஜெனில் ஊறிய டி செல்கள் களைத்துப்போயிருக்கின்றன, மணி அடித்தாலும் எழுந்து வர ஆளில்லை.

டிஎல்ஆர்8-க்கான செல்கன்டோலிமோட் கொஞ்சம் வேறு பாதை. அது மோனோசைட்டிலிருந்து இன்டர்லூக்கின்-12-ஐயும் 18-ஐயும் வரவழைத்து, என்கே, மெய்ட் என்ற இரு வகை நோயெதிர்ப்புச் செல்களை காமா இன்டர்ஃபெரான் சுரக்கவைக்கிறது. ஆன்டிஜெனை இழந்தவர்கள் மிகச் சிலரே. எலியின் டிஎல்ஆர்8 இந்த மருந்துகளுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. ஆகவே சாதாரண எலியில் டிஎல்ஆர்8 மருந்தைச் சோதித்த முடிவுகளைப் பார்த்தால் ஒதுக்கிவிடலாம். ரிக்-ஐயை எழுப்ப வந்த இனாரிகிவிர், இரண்டாம் கட்ட ஆய்வில் கல்லீரல் பாதிப்பும் ஒரு மரணமும் நேர்ந்ததால் 2020 தொடக்கத்தில் கைவிடப்பட்டது.

ஏற்பித் தூண்டல் உறுதியாக வென்ற இடம் சிகிச்சை அல்ல, தடுப்பூசி. 20 மைக்ரோகிராம் மேற்பரப்பு ஆன்டிஜெனோடு 3,000 மைக்ரோகிராம் சிபிஜி 1018 சேர்ந்த ஹெப்லிசாவ்-பி, அமெரிக்காவில் 2017 நவம்பரில் அனுமதி பெற்றது. அலுமினிய உப்பு சேர்ந்த பழைய ஊசி பெரியவர்களுக்கு 0, 1, 6 மாதங்களில் மூன்று முறை. இது ஒரு மாத இடைவெளியில் இரண்டே முறை. நீரிழிவு உள்ளவர்கள், வயதானவர்கள் என்று பழைய ஊசிக்குச் சரியாக எதிரணு வராத கூட்டத்திலும் மில்லிலிட்டருக்கு 10 மில்லி அலகு என்ற பாதுகாப்புக் கோட்டை இது அதிகம் பேரிடம் தாண்டவைக்கிறது. களைக்காத செல்களிடம் டிஎல்ஆர்9 வழியாகப் பேசுவதால்தான் இது கைகூடுகிறது.

கீழாநெல்லி பற்றித் தமிழில் யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள். சென்னையில் நடந்து 1988-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், பி வைரஸைச் சுமப்பவர்களில் 30 நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேர் ஆன்டிஜெனை இழந்தார்கள், வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவர் மட்டும். பி வைரஸைக் கண்டுபிடித்த புளூம்பெர்க்கும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். உலகமே ஆவலோடு திரும்பச் செய்து பார்த்தது. அந்தப் பலன் வேறிடங்களில் வரவில்லை. ‘எதிர்ப்புச் சக்தியை ஏற்றும்’ என்று சொல்லி விற்கும் பொடியை நம்பி, பி-க்கான மாத்திரைகளான என்டெகாவிர் 0.5 மில்லிகிராமையோ டெனோஃபோவிர் 300 மில்லிகிராமையோ நிறுத்தினால் வைரஸ் திடீரென எழும். கல்லீரல் செயலிழப்பு வரை போகலாம்.

ஏற்பிகளின் வேலையை மருத்துவமனையில் நேராகப் பார்க்கக் கிடைக்கும் ஒரு சந்தர்ப்பம், பி-யும் சி-யும் ஒன்றாக இருக்கும் நோயாளி. சி வைரஸ் எழுப்பும் இன்டர்ஃபெரான், வேறு காரணங்களோடு சேர்ந்து, பி-யையும் அமுக்கி வைத்திருக்கும். சோஃபோஸ்புவிர் 400, வெல்படாஸ்விர் 100 மில்லிகிராம் சேர்ந்த சி-க்கான மாத்திரையை 12 வாரம் கொடுத்தால் சி வைரஸ் சில வாரங்களில் ரத்தத்திலிருந்து மறைகிறது. கல்லீரலின் இன்டர்ஃபெரான் மரபணுக்களும் அடங்கிவிடும். மூடி திறந்ததும் பி கிளம்புகிறது. 24 பேருக்கு அப்படி நேர்ந்து, இருவர் இறந்து, ஒருவருக்குக் கல்லீரல் மாற்ற வேண்டிவந்த பிறகு, 2016 அக்டோபரில் அமெரிக்க மருந்துத் துறை இந்த மருந்துகளுக்குக் கட்டம் போட்ட எச்சரிக்கை விதித்தது. ஆகவே சி மாத்திரை தொடங்கும் முன் எச்பிஎஸ் ஆன்டிஜென், எச்பி கோர் எதிரணு இரண்டும் பார்க்க வேண்டும். ஆன்டிஜென் பாசிட்டிவ் என்றால் பி-க்கான மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்து, சி சிகிச்சை முடிந்தபின் குறைந்தது 12 வாரம் தொடர்வது வழக்கம். கோர் எதிரணு மட்டும் பாசிட்டிவ் என்றால் ஏஎல்டி என்ற கல்லீரல் நொதியைக் கண்காணித்து, ஏறினால் பி டிஎன்ஏ பார்க்க வேண்டும்.

ஆய்வகத்தில் இதைத் தொட நினைக்கும் மாணவர்களுக்குச் சில பொறிகள். ஹூ7.5-இன் தாய் வரிசையான ஹூ7 செல்லில் டிஎல்ஆர்3 வேலை செய்யாது, ஹூ7.5-இல் ரிக்-ஐயும் இல்லை. அங்கே ‘வைரஸ் எதிர்வினையை அடக்கியது’ என்று எழுதினால் ஏற்கெனவே செத்த பாம்பை அடித்ததாகும். செயற்கை இரட்டை இழை ஆர்என்ஏவான பாலி ஐசியை ஊடகத்தில் சும்மா ஊற்றினால் டிஎல்ஆர்3, லிப்பிட் கலவையோடு செல்லுக்குள் ஏற்றினால் ரிக்-ஐ, எம்டிஏ5: இரண்டும் வெவ்வேறு சோதனைகள். டி7 நொதியால் எழுதிய எந்த ஆர்என்ஏவிலும் முனையில் மூன்று பாஸ்பேட் இருக்கும். பாஸ்படேஸ் போட்ட கட்டுப்பாடு இல்லாமல் ‘இந்த வரிசையை ரிக்-ஐ அடையாளம் காண்கிறது’ என்று சொல்லக் கூடாது. ஈ.கோலையில் தயாரித்த கோர் புரதத்தில் எண்டோடாக்சின் என்ற பாக்டீரிய உறைப்பொருள் ஒட்டியிருந்தால் டிஎல்ஆர்4 தான் பேசுகிறது. எண்டோடாக்சினைக் கட்டிப்போடும் பாலிமிக்ஸின் பி போட்டால் எதிர்வினை மறைகிறதா என்று பாருங்கள். மாவ்ஸ் வெட்டுப்பட்டதை வெஸ்டர்ன் பிளாட்டில் காட்டும்போது, என்எஸ்3-இன் 139-ஆம் செரினை அலனினாக மாற்றிய செயலற்ற நொதியையும் பக்கத்துக் கிணற்றில் ஓட்ட வேண்டும். இடைவெளி சில கிலோடால்டன்தான், ஜெல்லைப் போதுமான நேரம் ஓட்டாவிட்டால் இரண்டு பட்டையும் ஒன்றாகத் தெரியும்.

பி வைரஸ் சோதனையில் இன்னும் கவனம் தேவை. வைரஸைச் சுரக்கும் ஹெப்ஜி2.2.15 செல்களிலிருந்து அதை எடுக்க, அவற்றின் ஊடகத்திலிருந்து செறிவாக்கும்போது செல் குப்பையும் சைட்டோகைனும் கூடவே வரும். செல்லுக்குச் சில நூறு ஜீனோம், 4 சதவீத பெக் 8000, 2 முதல் 2.5 சதவீத டிஎம்எஸ்ஓ என்று ஊற்றியதும் ஆறு மணி நேரத்தில் சிஎக்ஸ்சிஎல்10 என்ற எச்சரிக்கை மரபணு ஏறினால் மகிழ்ந்துவிடாதீர்கள். வைரஸின் நுழைவை மறிக்கும் புலெவிர்டைடு போட்ட கிண்ணத்திலும் அதே அளவு ஏறினால் அது குப்பையின் சத்தம்தான். முதன்மைக் கல்லீரல் செல்களில் கொஞ்சம் குப்ஃபர் செல் கலந்திருந்தாலே படம் மாறிவிடும். குப்ஃபர் செல்லின் அடையாளமான சிடி68 எம்ஆர்என்ஏவை அளந்துவிட்டுத் தொடங்குங்கள். ஹெப்பாஆர்ஜி என்ற கல்லீரல் செல் வரிசைக்கு இரண்டு வாரம் வளர்ச்சி, இரண்டு வாரம் டிஎம்எஸ்ஓவில் முதிர்ச்சி என்று நான்கு வாரம் பொறுமை வேண்டும். அதன் ஊடகத்தில் இருக்கும் 50 மைக்ரோமோலார் ஹைட்ரோகார்டிசோன் அழற்சி சைட்டோகைன்களை அமுக்கும் என்பதால், எதிர்வினை வரவில்லை என்றால் வைரஸைப் பழிக்கும் முன் ஊடகத்தின் செய்முறைத் தாளைப் பாருங்கள். கல்லீரல் செல் முக்கியமாகச் சுரப்பது லாம்டா வகை என்பதால், இன்டர்ஃபெரான் பீட்டாவை மட்டும் அளந்து ‘ஒன்றுமில்லை’ என்று முடிக்காமல் ஐஎஃப்என்எல்1 (லாம்டா-1), ஐஎஃப்ஐடி1 (இன்டர்ஃபெரானால் தூண்டப்படும் மரபணு) இரண்டையும் சேர்த்து அளக்க வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் சென்டாய் வைரஸ் ஏற்றிய ஒரு கிணறு இருக்கட்டும். அதில் எதிர்வினை வந்தால்தான் மற்றக் கிணறுகளின் மௌனத்துக்கு அர்த்தம் உண்டு.